பரீட்சைக்கு வராத வித்தை

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்றைய கூட்டத்திற்குச் "சண்டைக்காரன் புத்தி" என்று தலைப்புப் போட்டு விளம்பரம் செய்திருப்பதைப் பார்த்து, சுயமரியாதைக்காரருக்கும் குஸ்திக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். சிரித்தவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை, நாம் சொல்லுவதை முழுவதும் கேட்ட பின் அவர்களே முடிவு செய்யட்டும்.

தோழர்களே! குத்துச்சண்டை, மல்யுத்தம், கராத்தே, ஜூடோ என்று உலகத்தில் சண்டை வித்தைகள் அநேகம். ஒவ்வொரு வித்தைக்காரனும் தன் வித்தையே உயர்ந்தது, தன் குருவே பெரியவர் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எது மெய் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் குத்துச்சண்டைக்காரன் குத்துச்சண்டைக்காரனோடும், ஜூடோக்காரன் ஜூடோக்காரனோடுமே மோதுவான். நம் நாட்டில் ஒவ்வொரு ஜாதியானும் தன் ஜாதிக்குள்ளேயே பெண் கொண்டு, தன் ஜாதிப் பெருமையைத் தானே பாடிக்கொள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

1993-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி அமெரிக்காவில் டென்வர் நகரத்தில், வெவ்வேறு வித்தைக்காரர் எட்டுப் பேரை ஒரே கூண்டில் மோதவிட்டார்கள். கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது என்பது போன்ற இரண்டொரு நிபந்தனை தவிர வேறு தடை அதிகமில்லை. எடை வரம்பும் கிடையாது. அன்றிரவு வென்றவர் பிரேசில் தேசத்து ராய்ஸ் கிரேஸி. அவருடைய எடை ஏறக்குறைய 80 கிலோ. அவரிடம் தோற்ற மூவரும் அவரைவிடக் கனத்தவர்கள். எதிரியைத் தரையில் சாய்த்துக் கழுத்தையும் கையையும் பூட்டிப் பிடிக்கும் வித்தையைக் கொண்டே அவர் ஜெயித்தார். அந்தப் போட்டியை நடத்தியவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். தங்கள் குடும்ப வித்தையை உலகத்துக்குக் காட்டவே அவர்கள் முன்வந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சரி, கிரேஸியின் வித்தையே கடைசி வேதம் என்று உலகம் விழுந்து கும்பிட்டதா? இல்லை. மற்றவர்கள் அந்தப் பிடியைக் கற்றுக்கொண்டார்கள். அதை அவிழ்க்கும் வழியையும் கண்டுபிடித்தார்கள். 2000-ம் வருஷம் மே 1-ந் தேதி டோக்கியோவில் ஜப்பானியரான சகுராபா என்பவர் அதே கிரேஸியோடு 90 நிமிஷம் மோதினார். முடிவில் கிரேஸியின் தரப்பார் துண்டை எறிந்து தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். இப்படி ஒன்றில் நல்லதை எடுத்து, மற்றொன்றில் பயனற்றதைத் தள்ளி உண்டானதுதான் இன்று கலப்புச் சண்டை என்று சொல்லப்படுவது. குத்து ஓரிடத்தில், உதை ஓரிடத்தில், பிடி ஓரிடத்தில் என்று எல்லாம் கலந்ததினால்தான் அது பலம் பெற்றது. கலப்பினால் கெட்டுப்போகும் என்று பயந்து ஒதுங்கி நின்றவை பின்தங்கின.

இனி இதை ஜீவனமாகக் கொண்ட ஒருவனுடைய வாழ்க்கையையும் மனத்தையும் பார்ப்போம். அவன் தினமும் பயிற்சிக்கூடத்தில் தன்னைப்போன்றவர்களோடு மோதுகிறான். கழுத்துப் பூட்டில் அகப்பட்டுத் தப்ப வழியில்லை என்று தெரிந்தால், எதிரியின் உடம்பிலோ தரையிலோ கையால் இரண்டு மூன்று தரம் தட்டுகிறான். "நான் தோற்றேன், விடு" என்று அதற்குப் பொருள். மற்றவன் உடனே விட்டுவிடுகிறான். எப்படி அகப்பட்டேன் என்று தோற்றவன் கேட்கிறான். வென்றவன் காட்டிக் கொடுக்கிறான். மறுபடியும் மோதுகிறார்கள். சாம்பியன் பட்டம் பெற்றவனும் பயிற்சியில் தட்டித்தான் ஆகவேண்டும். தட்டமாட்டேன் என்று வீம்பு பிடித்தால் கை ஒடியும், அல்லது மூர்ச்சை போகும். தன் தப்பை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஒப்புக்கொள்ளுகிற பண்டிதர் நம் நாட்டில் ஒருவராவது உண்டா? தோழர்களே, யோசித்துப் பாருங்கள்.

அவனுக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். கனடா தேசத்து ஜார்ஜ் செயின்ட் பியர் என்பவர் பல வருஷம் உலகச் சாம்பியனாயிருந்தவர். சண்டைக்கு முன் தமக்கு உண்டாகும் பயத்தை அவர் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பயத்துக்கு அவர் மருந்தாகக் கண்டது தாயத்து அல்ல. எதிரி என்ன செய்வான், அதற்குத் தாம் என்ன செய்யவேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியதேயாகும். 2007-ல் எல்லோரும் சாதாரணமாக நினைத்த ஒருவரிடம் அவர் பட்டத்தை இழந்தார். விதி என்று நெற்றியைத் தடவிக்கொண்டு உட்காராமல், திரும்பப் பயின்று அடுத்த வருஷமே அவரிடமே ஜெயித்தார்.

இதற்கு நேர்மாறான புத்தியையும் பார்க்கவேண்டும். ஜப்பானில் யனாகி ரியூகென் என்று ஒரு முதியவர், கையை அசைத்த மாத்திரத்தில், தொடாமலே தம் சீடர்களைக் கூட்டங்கூட்டமாய்ப் பல்டியடித்து விழச் செய்துவந்தார். 2006-ல் அவர் பணயம் கட்டிக் கலப்புச் சண்டைக்காரர் ஒருவரோடு மேடையேறினார். கையை அசைத்தார், வந்தவர் விழவில்லை. அடித்தார், விழுந்தவர் குரு. மூக்கும் வாயும் இரத்தம். தோழர்களே! அவர் வெறும் மோசக்காரராயிருந்தால் அந்த வயதில் மேடையேறியிருப்பாரா? தம் சக்தியை அவரே நம்பியிருந்தார் என்றே தோன்றுகிறது. குருவைத் திருப்தி செய்யச் சீடர்கள் விழுந்தார்கள். சீடர்கள் விழுந்ததைப் பார்த்துக் குரு நம்பினார். குரு நம்பியதைப் பார்த்து ஊரார் நம்பினார்கள். முதல் பொய் யாருடையது என்று யாராலும் சொல்லமுடியாது. மதங்கள் வளர்ந்ததும் இப்படித்தானே?

சீனாவில் நடந்தது இன்னும் பெரிய பாடமாகும். பெய்ஜிங் நகரத்தில் கலப்புச் சண்டை கற்றுக்கொடுக்கும் சூ சியாவ்டாங் என்பவர், மாய சக்தி பேசும் ஆசான்கள் மேடைக்கு வரட்டும் என்று அறைகூவினார். வெய் லேய் என்ற தாய்ச்சி ஆசான் முன்வந்தார். தம் உள்ளங்கையில் உட்கார்ந்த புறாவைப் பறக்கவொட்டாமல் நிறுத்தியும், தர்ப்பூசணியின் தோல் கெடாமல் உள்ளே கூழாக்கியும் டெலிவிஷனில் காட்டிப் பேர் வாங்கியவர் அவர். 2017 ஏப்ரலில் செங்டூ நகரத்தில் மோதினார்கள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆசான் தரையில் கிடந்தார். சூ அப்பொழுது 37 வயதுக்காரர். தாம் பெரிய வீரனல்ல என்று அவரே சொல்லிக்கொண்டவர்.

பொய் வெளியானதற்கு ஜனங்கள் நன்றி சொன்னார்களா? பரம்பரைக் கலையை அவமதித்தான் என்று கூச்சல் போட்டார்கள். சங்கங்கள் கண்டித்தன. ஒரு பெரிய ஆசானை மோசக்காரர் என்று சூ திட்டியதற்காக, மன்னிப்புக் கேட்டுப் பணம் கட்டும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. உத்தரவுக்குப் பணியாததினால் விமானத்துக்கும் வேக ரயிலுக்கும் சீட்டு வாங்கமுடியாதபடி செய்யப்பட்டார். 2019 மே மாதத்தில் ஒன்றரை நாள் சாதாரண ரயிலில் போய், முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு மேடையேறினார். அங்கே எதிரே நின்றவர், நம் ஊரில் வர்மம் என்கிறோமே, அதைப்போல் உடம்பின் சில இடங்களைத் தொட்டே ஆளை வீழ்த்துவேன் என்றவர். 47 விநாடியில் முடிந்தது.

சூ நாவை அடக்காமல் பேசியது சரியென்று நாம் சொல்லவில்லை. ஆளை வைவது வாதமாகாது. ஆனால் வைததற்குத் தண்டனை விதித்ததால் புறா வித்தை மெய்யாகிவிடுமா என்றுதான் கேட்கிறோம்.

இங்கே ஒரு தப்பெண்ணம் வரக்கூடாது. பலசாலி சொல்லுவதெல்லாம் உண்மை என்று நாம் சொல்லவரவில்லை. அடித்து வீழ்த்துவேன் என்றவனை அடிதடியில் பரீட்சித்தார்கள், அவ்வளவுதான். நோயைத் தீர்ப்பேன் என்பவனை நோயாளிகளைக் கொண்டு பரீட்சிக்கவேண்டும். மழை வருவிப்பேன் என்பவனை மழையைக்கொண்டு பரீட்சிக்கவேண்டும். எந்தக் காரியத்தைச் சொல்லுகிறானோ அந்தக் காரியத்திலேயே பரீட்சை. தாய்ச்சி தேகப் பயிற்சியாக நல்லது செய்யலாம். அது வேறு விஷயம். அதற்கு மாயப் புறா தேவையில்லை.

அன்றியும், இந்தச் சண்டைத் தொழிலைச் சுவர்க்கம் என்றும் எண்ணவேண்டாம். எடைப் பிரிவுக்குள் நுழைவதற்காக உடம்பின் தண்ணீரை வற்றவைக்கிறார்கள். யாங் ஜியான்பிங் என்ற 21 வயதுச் சீன வாலிபர் 2015 டிசம்பரில் மனிலாவில் அப்படி எடை குறைக்கப்போய் உயிரையே விட்டார். அதற்குப் பிறகே அந்தப் போட்டிக் கம்பெனி அவ்விதம் எடை குறைப்பதைத் தடுத்தது. தலையில் வாங்கிய அடி மூளையில் தங்குகிறது. அமெரிக்காவின் பெரிய கம்பெனி மீது 2014-ல் சண்டைக்காரர்களே வழக்குத் தொடர்ந்தார்கள். போட்டியாளர்களை ஒழித்துக் கூலியை அமுக்குகிறது என்பது அவர்கள் புகார். அவர்கள் காட்டிய கணக்குப்படி, வரும்படியில் அடிபடுகிறவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. முடிவில் 37½ கோடி டாலர் கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது; 2025-ல் கோர்ட்டும் அதை ஏற்றது. மாயத்துக்கு மயங்காத கூண்டும் முதலாளிக்குத் தப்பவில்லை. பொய்க் குருவைக் கண்டுகொண்ட கண்ணால் பணமூட்டைக்காரனையும் கண்டுகொள்ளவேண்டும்.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் திருநீறு கொடுத்து நோய் தீர்ப்பதாகச் சொல்லுகிறவரிடம், "ஐயா, எங்கள் கண்முன் செய்து காட்டும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். "நம்பிக்கை இருந்தால்தான் பலிக்கும்" என்றால், விழுவதற்குச் சம்மதித்த சீடன்தான் விழுவான் என்று அர்த்தம். இதைப் பிறருக்கு மட்டும் சொல்லவில்லை. நமக்கும் சொல்லிக்கொள்ளுகிறோம். நாம் சொல்லுவதில் தப்பு இருந்தால் எழுந்து காரணத்தோடு காட்டுங்கள். நாம் கையைத் தட்டி ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். தட்டத் தெரியாதவன் சுயமரியாதைக்காரனல்ல. அவனும் ஒரு புதுப் புரோகிதனே ஆவான்.