ஓவியக் குளமும் ஊர்த் தண்ணீரும்



சித்தன்னவாசலுக்கு வருகிறவர்கள் அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். மீன், பறவை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆயிரம் ஆண்டைக் கடந்த அந்தக் குளத்துக்குச் சட்டமும் காவலும் இருக்கின்றன. இருக்கட்டும், அது நம் சொத்தும்தான்.

அதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சுவரில் தீட்டிய தண்ணீருக்குக் காவல் உண்டு, குழந்தை குடிக்கும் தண்ணீருக்கு இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நம் மாவட்டத்தின் சுற்றுலா வளர்ச்சியைப் பேச முடியாது.

மலையடிவாரத்தில் பூங்கா வந்தது, படகு வந்தது. சுற்றிவாழும் நமக்கு வந்தது என்ன?

2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குள் அனுமதி வாங்க வேண்டும். தடைப் பகுதியில் இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் விண்ணப்பிக்க வேண்டும். அது 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடு என்று காட்டியாக வேண்டும். பட்டாவுக்கே அலைந்துகொண்டிருப்பவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? திருமயம் கோட்டையைச் சுற்றி ஊரே இருக்கிறது. கொடும்பாளூரிலும் குடுமியான்மலையிலும் மக்கள் வாழ்கிறார்கள். கோடு எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு வீடும் அறிய வேண்டும்.

அறியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹம்பி சாட்சி. 2011 ஜூலையில் விருபாட்சர் கோயில் கடைவீதியில் வாழ்ந்தவர்களின் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. கல்மண்டபம் பாரம்பரியம், அதில் அடுப்பு மூட்டியவர் ஆக்கிரமிப்பாளர் என்றார்கள்.

நாம் சின்னங்களுக்கு எதிரிகள் அல்லர். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் உள்ள பழந்தமிழ்க் கல்வெட்டு, கற்படுக்கை யாருக்காகச் செய்யப்பட்டது என்பதோடு நிற்கவில்லை. செய்து கொடுத்தவர்களையும் சொல்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் இருந்த அந்த நேர்மையைத்தான் இன்றைய அரசிடம் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள் எளியவை. தடை எல்லையைக் காட்டும் வரைபடம் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்க வேண்டும். விரிவாக்கத் திட்டம் எதுவானாலும் முதலில் கிராம சபைக்கு வர வேண்டும். நுழைவுச் சீட்டிலும் வாகன நிறுத்தத்திலும் வரும் பணத்தில் ஒரு பங்கு ஊரின் குடிநீருக்குப் போக வேண்டும். வேலை தருவதென்றால் துடைப்பத்தோடு நிறுத்தாதீர்கள். வழிகாட்டியாகவும் சீட்டுக் கொடுப்பவராகவும் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள் கூடுகின்றன. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். மாணவர்களே, அன்று கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஊருக்குப் போங்கள். இந்தக் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நினைவுச் சொற்பொழிவு என்பது கைதட்டலோடு முடிந்துவிடக் கூடாது.

ஜெய் பீம்.