மருந்தை அறிந்து உண்போம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மருந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம், பள்ளி ஆசிரியர். ஆயினும், இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் வளர்த்த எழுத்தறிவு தேர்வுக் கூடத்தோடு நின்றுவிடலாகாது. வீட்டு மாடத்தில் கிடக்கும் மாத்திரை அட்டை வரையிலும் அது வந்து சேர வேண்டும். நம் முதியோர் பலர் "வெள்ளை காலையில், மஞ்சள் இரவில்" என்று நிறத்தை நம்பியே மாத்திரை உண்டு வருகின்றனர். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டையின் மேலுள்ள விற்பனைப் பெயரும் மாறும். மருந்தின் பெயரைப் படித்தறிபவரே ஏமாறாதவர்.

மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? விழுங்கிய மாத்திரை குடலை அடைந்து இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் போகுமிடமெல்லாம் அதுவும் போகிறது. முழங்கால் வலிக்கென்று உண்ட மாத்திரைக்கு முழங்காலுக்கு மட்டும் போகத் தெரியாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் சேர்ந்தே போகிறது. பக்க விளைவின் வேர் இங்கேதான் உள்ளது. அது பெரும்பாலும் கலப்படத்தாலோ மருத்துவரின் பிழையாலோ வருவதன்று; நோயைத் தணிக்கும் அதே குணம் வேறோர் உறுப்பில் வேறு விதமாகப் பலிப்பதேயாகும்.

வலி மாத்திரைகளை எடுத்துக்கொள்வோம். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் என்பன அவ்வகையின. நம் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகிறது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது அது. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், சிறுநீரகத்திற்குப் போதிய இரத்தம் செல்லத் துணை நிற்பதும் அதுவே. இம்மாத்திரைகள் அப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன. ஆகவே வலி குறைகிறது. வயிற்றின் காவலும் குறைகிறது. நாள்தோறும் உண்டால் வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் சிறுநீரகக் கேடும் நேரலாம். வெயிலில் நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் நீர் வற்றிய உடலுக்கு இந்த ஆபத்து மிகுதி. நாளெல்லாம் உழைத்தவர் இரவில் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவது நம் தெருக்களில் வழக்கமாகிவிட்டது. அவரை நாம் குறை கூறவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்பதை அறிவோம், அறிந்தேதான் எச்சரிக்கிறோம். மலம் கரியதாகப் போனாலும், சிறுநீர் குறைந்தாலும், முகம் வீங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்து இரத்தக் கொதிப்பு. அம்லோடிபின் என்னும் மருந்து இரத்தக் குழாய்களின் தசையைத் தளர்த்தி அழுத்தத்தைத் தணிக்கிறது. அதனாலேயே சிலருக்குக் கணுக்கால் வீங்குகிறது. எனலாபிரில் உண்ணும் சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது. இவற்றைக் கண்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. கொதிப்பு பெரும்பாலும் எந்த நோவும் காட்டாது. ஆகையால் நிறுத்திய பின்னும் நலமாயிருப்பதாகவே தோன்றும். பின்னொரு நாள் பக்கவாதம் வந்து கையும் காலும் விழுந்தபின் வருந்தி என்ன பயன்? இருமல் வருகிறது என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் வேறு மருந்து தருவார்.

நீரிழிவுக்குத் தரும் மெட்பார்மின், கல்லீரல் இரத்தத்தில் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். உணவோடு உண்டால் குறையும். கிளிமிபிரைடு அப்படியன்று. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. அதை விழுங்கிவிட்டுப் பட்டினியாக வயலுக்குச் சென்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவு இருக்கும்போதே சர்க்கரை கரைத்த நீர் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

இனி, கிருமிகளைக் கொல்லும் மருந்துகள். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். அளவு குறைத்து உண்டால் கிருமிகள் சாகாமல் அம்மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்பதே அது. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் வைரசே காரணம். அதன்மேல் இம்மருந்துகள் செல்லா. ஆகவே காய்ச்சல் என்றவுடன் கடைக்காரரிடம் கேட்டு இரண்டு நாளைக்கு மட்டும் வாங்கி உண்ணும் பழக்கம் ஒழிய வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது என்பது பொருள்.

காசநோயைப் பற்றி நாம் பெருமையோடு அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் ஓய்வும் நல்லுணவும் பெற்று மருத்துவ விடுதியில் தங்கினர். மறு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்தனர். இருவருக்கும் ஓராண்டு மருந்து ஒன்றே. 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவரும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தனர்! குடிசையிலும் மருந்து மருந்தாகவே வேலை செய்யும். தவறாமல் உண்ண வேண்டும், அவ்வளவே. இன்று அந்நோய்க்குத் தரும் ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். இரத்தம் போகிறதென்று அஞ்சி நிறுத்தாதீர்கள், அது தீங்கற்றது. ஆனால் கண் மஞ்சளானாலும், பார்வை மங்கினாலும், கைகால் மரத்தாலும் உடனே மருத்துவரிடம் கூறுங்கள். சில வாரங்களில் இருமல் தணிந்துவிடும். கிருமி முற்றும் அழிய வழக்கமாக ஆறு மாதமேனும் ஆகும். இடையில் விட்டவருக்கு நோய் திரும்பலாம்; அப்போது பழைய மருந்துக்கு அது அடங்காமலும் போகலாம்.

இளைஞர்களே! கேள்வி கேட்பதே குற்றம் என்று நம் முன்னோரை அடக்கி வைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த அச்சம் இன்றும் நம் பெற்றோரை மருத்துவர் முன் வாய்மூடி நிற்க வைக்கிறது. கேட்பது அவமரியாதை அன்று. இம்மருந்தின் பெயர் என்ன, எதற்காக? உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள்? என்ன தொல்லை வரலாம், எது வந்தால் ஓடி வர வேண்டும்? ஏற்கெனவே உண்ணும் மருந்தோடு இது ஒத்துப்போகுமா? பெற்றோருடன் நீங்கள் சென்று இவற்றைப் பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது அந்த நோட்டு அவர்கள் கையில் இருக்கட்டும். இச்சங்கத்திடம் நாம் பெற்ற கல்விக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவாகும்.