நாய்க்குட்டி வாங்கும் முன்னே முடியைப் பாருங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



ஆடு, மாடு, கோழி வளர்ப்பு பத்திப் பேச இங்கே நிறையப் பேர் இருக்காங்க. என்னை நாய் வளர்ப்பு பத்திப் பேசச் சொன்னாங்க. சிரிக்காதீங்க. முன்னே வாசலில் கிடந்த நாய் இப்போ வீட்டுக்குள்ளேயே வந்திருச்சு. பிள்ளை கேட்குது, அப்பா வாங்கிட்டு வந்துடுறார். அதைக் குளிப்பாட்டுறது, சீவுறது, உண்ணி எடுக்கிறது எல்லாம் யார் தலையில் விழுது? நம்ம தலையில்தான். அதனால, இந்த நாயைப் பார்த்துக்கத் தினம் எவ்வளவு நேரம் வேணும்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. அதுக்குப் பதில் நாயோட முடியில் இருக்கு.

முதலில் நம்ம நாட்டு நாய்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. நாலுக்கும் முடி குட்டை, உடம்போடு ஒட்டி இருக்கும். நம்ம வெயிலுக்கு ஏற்ற நாய்கள். வாரம் ஒரு தடவை ரப்பர் பிரஷ்ஷால் தேய்ச்சு, ஈரத்துணியால் துடைச்சா போதும். மாசம் ஒரு குளியல். 2005-இல் ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. நமக்குத்தான் அதன் அருமை தெரியலை.

குட்டை முடின்னா வேலையே இல்லைன்னு நினைச்சிடாதீங்க. ராஜபாளையம் நாய்க்கு உடம்பு வெள்ளை, மூக்கும் தோலும் இளஞ்சிவப்பு. உச்சி வெயிலில் கட்டிப்போட்டா தோல் வெந்துபோகும். நிழல் வேணும். அந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்படிப்பட்ட நாயைப் பின்னாடி இருந்து தொட்டா மிரண்டு கடிச்சிடும். முன்னாடி போய் நின்னுட்டுத்தான் தொடணும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லி உடம்பு. சிமெண்டுத் தரையில் படுத்தா முழங்கை காய்ப்புக் காய்ச்சிடும். ஒரு சாக்கு விரிச்சுப் போடுங்க. முள்ளுக் கிழிச்ச இடத்தில் ஈ உட்கார்ந்தா புழு வைச்சிடும். தினமும் ஒரு தடவை உடம்பைத் தடவிப் பார்த்துடுங்க.

அடுத்தது லேப்ரடார். இதுக்கு ரெண்டு அடுக்கு முடி. மேல்முடி எண்ணெய்ப் பசையா இருக்கும். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் சீவணும், இல்லைன்னா சோத்திலேயும் பாயிலேயும் முடிதான். அதுக்காகத் தினமும் குளிப்பாட்டக் கூடாது. எண்ணெய்ப் பசை போய்த் தோல் வறண்டு அரிப்பு வந்துடும். காது தொங்கு காது, காத்துப் போகாது. குளிச்சதும் காதைத் துணியால் துடைச்சு விடுங்க. நாத்தம் அடிச்சாலோ, நாய் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாலோ கால்நடை மருத்துவர்கிட்ட காட்டணும். நம்ம கைவைத்தியமா எண்ணெய் ஊத்தக் கூடாது.

பாமரேனியன்னு நாம கூப்பிடுற சடைநாய்க்கும் ரெண்டு அடுக்கு முடிதான். சித்திரை வந்தா மொட்டை அடிச்சு விடுறாங்க. செய்யாதீங்க. அந்த முடிதான் வெயில் தோலில் படாமக் காக்குது. மொட்டை அடிச்சா சில நாய்க்குப் பழையபடி முடி வளராது. உள்ளே செத்த முடியைச் சீப்பால் எடுத்து விட்டாலே உடம்புக்குக் காத்துப் போகும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்தான் சிக்கு விழும், அங்கே பாருங்க.

ஷிட்ஸு, லாசா ஆப்சோ நாய்களுக்கு நம்ம தலைமுடி மாதிரி வளர்ந்துகிட்டே இருக்கும். தினமும் சீவணும், அப்பப்போ வெட்டணும். விட்டுட்டா சடை பிடிச்சு, தோலை இழுத்து, அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகிடும். வீட்டில் வெட்டத் தெரியாட்டி டவுனுக்குப் போகணும், அதுக்கு மாசாமாசம் காசு எடுத்து வைக்கணும். பக் நாய்க்கு முடி குட்டைதான், ஆனா முகத்து மடிப்பைத் தினமும் துடைச்சு ஈரமில்லாம வைக்கணும். மூக்கு சப்பையா இருக்கிறதால வெயிலில் மூச்சு வாங்கித் தவிக்கும்.

எல்லா நாய்க்கும் பொதுவா சில விஷயம். நாம குளிக்கிற சோப்பும் ஷாம்பும் நாய்க்கு ஆகாது, அதன் தோல் வேற. நாய்க்குன்னு விற்கிற ஷாம்பு வாங்குங்க. நகம் தரையில் டக்டக்குன்னு சத்தம் போட்டா வளர்ந்திடுச்சுன்னு அர்த்தம். காலின் உள்பக்கம் மேலே இருக்கிற தனி நகம் தரையில் தேயாது, சுருண்டு சதையில் குத்தும். நுனியை மட்டும் வெட்டுங்க, உள்ளே ரத்தக்குழாய் இருக்கு.

உண்ணிக்கு மண்ணெண்ணெயும் வண்டி ஆயிலும் தடவுறாங்க. தோல் வெந்துபோகும், நாய் நக்கினா வயித்துக்குள்ளே போகும். மாட்டு உண்ணி மருந்தையும் நாமளா அளவு போட்டு நாய்க்கு ஊத்தக் கூடாது. கால்நடை மருந்தகத்தில் எடை சொல்லிக் கேளுங்க. ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதனால நாய்க்கு மருந்து போடுற அன்னைக்கே சுவர் வெடிப்பு, சாக்கு, படுக்குற இடம் எல்லாம் சுத்தம் பண்ணணும். இல்லைன்னா திரும்ப ஏறிடும்.

கடைசியா ஒண்ணு. சீவி, குளிப்பாட்டி அழகா வைச்சிருக்கிற நாய்க்கும் வெறிநோய் வரும். குட்டிக்கு மூணு மாசத்தில் தடுப்பூசி, அப்புறம் மருத்துவர் சொல்ற கணக்குக்கு வருஷா வருஷம் போடணும். நாய் கடிச்சா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடணும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நோய் வெளியே தெரிஞ்ச பிறகு காப்பாத்துறது ஏறக்குறைய முடியாத காரியம்.

முடி கொட்டுது, நாத்தம் அடிக்குதுன்னு வளர்த்த நாயைக் கண்மாய்க் கரையில் விட்டுட்டு வர்றாங்க. அது பாவம் மட்டுமில்லை, நம்ம பிள்ளைங்களுக்கும் ஆபத்து. அதனால உங்ககிட்ட நான் கேட்கிறது ரெண்டு. நம்ம நேரத்துக்கும் கைக்காசுக்கும் ஒத்துவர்ற நாயை மட்டும் வாங்குங்க. ஊர்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்தச் சொல்லிக் கூட்டமைப்பு சார்பில் கால்நடைத் துறைக்கு ஒரு மனு கொடுப்போம். முதல் கையெழுத்து நான் போடுறேன்.