ஆற்றோரக் காவல்காரனை எங்கே நிறுத்துவது?



2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தைக் கிளந்தான் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். குவாலா கிராயில் ஆற்றின் அபாய அளவு 25 மீட்டர். அன்று நீர் 34 மீட்டரையும் தாண்டியது. நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். இத்தகைய வேளையில், நீர்மட்டத்தை அளந்து வானொலி அலை வழியே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் கருவிதான் ஊருக்குக் காவல்காரன். அந்தக் காவல்காரனை எங்கே நிறுத்துவது? இதுவே இன்றைய பேச்சு.

முதலாவது, உயரம். அபாய அளவுக்கு ஓரடி மேலே பெட்டியைப் பொருத்தினால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. குவாலா கிராய்க் கணக்குப்படி, அந்தப் பெட்டி ஏறக்குறைய 9 மீட்டர் நீருக்கடியில் போயிருக்கும்! அதுவரை கண்ட வெள்ளங்களில் மிகப் பெரியதற்கும் மேலே வைப்பதே முறை.

இரண்டாவது, அலை செல்லும் பாதை. எதிரிலுள்ள கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போல் செல்வதில்லை. மத்தளத்தைப் போல் நடுவில் பருத்துச் செல்கிறது. 400 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 10 கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பினால், நடுவழியில் அதன் ஆரம் சுமார் 43 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 26 மீட்டர், மேடோ மரமோ குறுக்கிடாமல் இருக்க வேண்டும். இன்று கன்றாக நிற்கும் செம்பனை, இருபது ஆண்டுகளில் பத்து மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். அந்த வளர்ச்சியையும் இன்றே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, மழையும் மின்னலும். இந்த அலைவரிசையை மழைத்துளி அவ்வளவாகப் பாதிப்பதில்லை. நனைந்த இலைகளும், கேபிள் இணைப்புக்குள் கசியும் நீருமே உண்மையான பகைவர்கள். ஆகவே இணைப்புகளை நீர் புகாத நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். இடிதாங்கியும் நல்ல நிலத்தொடர்பும் கட்டாயம் தேவை. பருவமழைக் காலத்தில் பல நாள் வெயில் இராது. சூரியத் தகடு மின்னேற்றாத அந்த நாள்களையும் தாங்கும் மின்கலம் வேண்டும்.

அலைவரிசைக்குத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுவது நல்லது. சிமெண்டு போடுவதற்கு முன், தற்காலிகக் கம்பம் நட்டு, ஒரு முழு நாள் தகவல் அனுப்பிப் பார்க்க வேண்டும். எத்தனை தகவல் அனுப்பப்பட்டது, எத்தனை வந்து சேர்ந்தது என்று எண்ணினால் இடத்தின் தரம் விளங்கிவிடும்.

நிறைவாக ஒன்று. கருவி மௌனமாகிவிட்டால், ஆற்றில் நீர் ஏறவில்லை என்று பொருளல்ல. நீர் ஏறியதால்கூட அது மௌனமாகியிருக்கலாம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அந்த மௌனத்தையும் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால்தான், ஆற்றங்கரையில் உறங்கும் குடும்பங்கள் உரிய நேரத்தில் எழுப்பப்படும்.