ஏரியும் ஓடையும் ஒரே படத்தில்



பெங்களூர்வாசிகளாகிய நாம் பெல்லந்தூர் ஏரியை நன்கறிவோம். அதன் நீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையிற் கலந்து, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணைக்குச் செல்கின்றது.

கணினி நிலப்படத்தில் ஓடையைக் கோடாகவும் ஏரியைப் பரப்பாகவும் வரைகின்றனர். இவையிரண்டும் தனித்தனியே நின்றால் ஏரிக்கரையில் கோடு அறுந்துவிடும். நீர் செல்லும் வழியைக் கணினி அறியாது. ஆகவே, நீர் புகும் வாய் முதல் கலிங்கு வரை ஏரியினூடே ஒரு கற்பனைக் கோடிட்டு இணைக்கின்றனர். அவ்வாறு இணைத்தால், இங்கே கலக்கும் கழிவு எவ்வூரைச் சேருமென்பது புலனாகும். நிலத்தின் உயரத்தையும் சேர்த்தால், கால்வாய் அடைபடும்போது எத்தெரு மூழ்குமென்பதும் தெரியும். 2022 செப்டம்பர் வெள்ளத்தை நாம் மறந்தோமல்லோம்.

நாம் கழிக்கும் நீரே கீழே நம் உறவினர் வயலிற் பாய்கின்றது. அக்கோட்டை நம் மனத்திலும் வரைந்துகொள்வோமாக!