எழுத்தும் அதிகாரமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



கல்வியின் பெருமையைப் பேசாத மேடை நம்மிடையே இல்லை. ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்கத் தயங்குகின்றோம். கற்றவர் தாம் பெற்ற எழுத்தைக் கல்லாதவருக்குப் படியாக்கினரா, வேலியாக்கினரா? நம் நாட்டு வாக்குரிமை வரலாற்றைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

1911ஆம் ஆண்டிலே, சட்டநிரூபண சபைக்குப் ‘படித்த இலங்கையர்’ சார்பில் ஒரு பிரதிநிதியைத் தெரிவுசெய்யும் தேர்தல் நடந்தது. நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 41 இலட்சம். வாக்காளரோ ஏறக்குறைய 3,000 பேர். அனைவரும் ஆங்கிலம் கற்ற ஆடவர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் வெற்றி பெற்றார்கள். சிங்கள மக்களும் தமிழ்ப் பெருமகன் ஒருவருக்கு வாக்களித்தனர் என்று நாம் இன்றும் பெருமை கொள்கின்றோம். அன்று வெளியே நின்றவர்களை மட்டும் மறந்து விடுகின்றோம்.

பின்னர், 1920ஆம் ஆண்டுகளில், தமிழோ சிங்களமோ ஆங்கிலமோ எழுத வாசிக்கத் தெரிந்து, ஓரளவு வருமானமோ சொத்தோ உடையவருக்கும் வாக்குக் கிடைத்தது. அப்பொழுதும் அவர்கள் நூற்றுக்கு நால்வர் அளவினரே. எல்லோருக்கும் வாக்கு என்ற யோசனை எழுந்தபோது கற்றோர் பலர் அஞ்சினர். 1913இலே பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய இராமநாதன் அவர்களும் அதனை எதிர்த்தவரே. கல்வி கொடுக்க விரும்பிய உள்ளத்துக்கும் அதிகாரத்தைப் பகிர்வது அரிதாயிருந்தது.

1931இல் அந்த வேலி விழுந்தது. 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர். எழுத்தறியாதவர் நிறப் பெட்டிகளைப் பார்த்து வாக்களித்தனர். அவ்வாறு தெரிவான அரசாங்க சபையிலே கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. இதன் வரிசையை நோக்குங்கள்: பள்ளிக்கூடம் வாக்கைக் கொண்டுவரவில்லை, வாக்குத்தான் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்தது.

இதன் மறுபுறத்தை மலையகத்திலே காணலாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் சட்டங்களும் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. உரிமை கோரியவர் விண்ணப்பம் எழுதி, இத்தனை ஆண்டு இங்கு வாழ்ந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கொழுந்து பறித்த கையில் பத்திரம் ஏது? வாக்குப் போனது, தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்பதும் 1970ஆம் ஆண்டுகள் வரை தாமதித்தது. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைக் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 1930ஆம் ஆண்டளவில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வகுப்பிலே சமமாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, யாழ்ப்பாணத்திலே அதனை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்களும் நம்மவரே. எழுத்து எல்லோர்க்கும் பொதுவானால் தம் மேன்மை போய்விடும் என்று அஞ்சிய கைகள் அவை.

இளைஞர்களே! இன்று நம் ஊர்களில் எழுத்தறியாதவர் சிலரே. ஆனால் காணி உறுதியின் வாசகம் விளங்காமல் ஒப்பமிடுவோர் உளர். நுண்கடன் பத்திரத்தின் வட்டியை அறியாது கையெழுத்து வைக்கும் தாய்மார் உளர். வேற்று மொழியில் வந்த கடிதத்தோடு வீடு வீடாய்த் திரியும் முதியோர் உளர். எழுத்துத் தெரிந்தும் அதிகாரம் அவர்கள் கைக்கு வரவில்லை.

ஆதலால் ஒன்று வேண்டுகின்றோம். வாரத்தில் ஒரு மாலை, சனசமூக நிலையத்திலே நம்மில் இருவர் அமர்வோம். கொண்டுவரும் பத்திரத்தை வரி வரியாய் வாசித்துப் பொருள் சொல்வோம். ஒப்பம் வைக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகளைக் கற்பிப்போம். கூலி வாங்கோம், ஒருவர் காரியத்தை மற்றவரிடம் பேசோம், சாதி கேளோம். பெரியோர்கள் தங்கள் அனுபவத்தால் எம்மை வழிநடத்துவார்களாக.

நாம் கற்ற எழுத்து நம் உத்தியோகத்தோடு முடிந்துவிட்டால் அது வேலியே. அயலவர் அஞ்சாது கேள்வி கேட்க அது துணை நின்றால், அதுவே படி.