பொது நூலகத்தில் இலவச இணையம்: யாருக்குத் தேவை?



எல்லோர் கையிலும் அலைபேசி வந்துவிட்ட காலத்தில், பொது நூலகத்தில் இலவச இணையம் எதற்கு என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. அதை நாடி வருவோர் யார் என்று நோக்கினால் விடை தெளிவாகும்.

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி (2017-18), கிராமப்புறக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றவை 14.9 சதவீதம்; கணினி உள்ளவை 4.4 சதவீதமே. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21), இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம். பெண்கள் 33 சதவீதம். அதன்பின் அலைபேசி பெருகியது உண்மையே. ஆயினும் வீட்டில் ஒரே கருவி இருந்தால், அது காலையில் ஆணின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடுகிறது. பல பக்க விண்ணப்பத்தை நிரப்பவும் சான்றிதழ்களைப் பதிவேற்றவும் சிறு திரை போதுவதில்லை.

ஆகவே, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், கல்வி உதவித்தொகை கோரும் மாணவியர், இ-ஷ்ரம் தளத்தில் பதிய வேண்டிய அமைப்புசாராத் தொழிலாளர், ஓய்வூதியத்தின் நிலையறிய விழையும் முதியோர் ஆகியோருக்கே நூலகக் கணினி தேவைப்படுகிறது. அரசே விதித்த நடைமுறையை நிறைவேற்றத்தான் அவர்கள் இணையத்தைத் தேடுகின்றனர்.

2021 மே 1 முதல், 18-44 வயதினர் தடுப்பூசி பெற கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. இணையமில்லாதோர் என்ன செய்வர் என்று உச்ச நீதிமன்றமே அப்போது வினவியது. படிவத்தை இணையத்தில் ஏற்றிய அரசு, அதை எட்டும் செலவை உழைப்பாளியின் தலையில் ஏற்றிவிட்டது. தனியார் மையத்தின் கட்டணத்தோடு அன்றைய கூலியும் போகிறது.

இணையம் உரிமை என்பதை நீதிமன்றமும் ஏற்றுள்ளது. கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், தனியுரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மண்ணில் பி.என். பணிக்கரின் முன்முயற்சியில் 1945இல் 47 நூலகங்களுடன் எழுந்த இயக்கம், இன்று ஆயிரக்கணக்கான ஊர் நூலகங்களாகப் பரவியுள்ளது. உரிமையை நடைமுறையாக்கும் களம் இத்தகைய நூலகங்களே.

அரசியலமைப்பின்படி நூலகம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தொலைத்தொடர்போ ஒன்றியத்தின் கையில் உள்ளது. ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்ப, இடையில் தவிப்பவர் ஏழை வாசகர். நிதியை ஒன்றிய அரசும், நிரந்தரப் பணியாளரை மாநில அரசும் தந்தாக வேண்டும். வழிகாட்ட ஆளில்லாத கணினி, எழுத்தறியாதவர் கையில் தந்த புத்தகமாகவே இருக்கும்.

நூலகம் தோறும் இலவச இணையம், பெண்களுக்கு உகந்த வேலைநேரம், உதவிக்கு ஒரு பணியாளர்: இக்கோரிக்கைகளைக் கட்சிக் கிளைகள் ஊர்தோறும் எழுப்பட்டும்!